தாம்பரம் போய் வந்தவர்கள்

1997 ஜனவரியில் சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமானது. அப்போது நான் அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். ஐயாயிரம் பேருக்கு ஒரு செவிலியர் என்பது அரசாங்கக் கணக்கு. கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, புதன்கிழமை தடுப்பூசி போடுவது, குடிநீர்த் தொட்டியில் குளோரின் கலந்தார்களா என்று பார்ப்பது, பிரசவத்துக்குத் துணை போவது என்று நாள் ஓடிவிடும். எந்த வீட்டில் யாருக்கு எத்தனை மாதம், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்பதைப் பதிவேட்டைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். எங்கள் ஊர்களின் இளம் ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகச் செத்துப்போன காலத்தை அந்தப் பதிவேட்டின் வழியாகத்தான் பார்த்தேன். ஏழாம் மாதச் செக்கப்புக்கு வந்த பெண்ணின் நெற்றியைப் பார்த்துவிட்டு, கணவர் பெயருக்கு முன்னால் 'லேட்' என்று எழுத வேண்டி வந்தது. முதல் குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போடுவதற்குள் அப்பா போயிருப்பார். சில வீடுகளில் அடுத்த வருஷமே அம்மாவும் போனாள்.

நாமக்கல் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முட்டையும் ஆஞ்சநேயர் கோயிலும் நினைவுக்கு வரும். எங்களுக்கு லாரி. பாடி கட்டும் பட்டறைகள், டேங்கர் லாரிகள், திருச்செங்கோட்டிலிருந்து நாடு முழுக்கப் போர் போடக் கிளம்பும் ரிக் வண்டிகள். மழை பொய்த்துக் கிணறு வற்றிய மண்ணில் லாரிதான் சோறு போட்டது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பையன் கிளீனராக ஏறுவான், நாலைந்து வருஷத்தில் டிரைவர் ஆவான். 'லைனுக்குப் போயிருக்காரு' என்று வீட்டில் சொன்னால் மும்பையோ கல்கத்தாவோ டெல்லியோ, திரும்பி வர ஒரு மாதம்கூட ஆகும் என்று பொருள். லோடு கிடைக்கும்வரை முன்பின் தெரியாத ஊரில் வண்டியிலேயே படுக்கை, இரவு முழுக்க ஓட்டம், உடம்பு வலிக்குச் சாராயம், வழியில் கிடைக்கிற துணை. அந்த வாழ்க்கையை ஒழுக்கக்கேடு என்ற ஒற்றைச் சொல்லால் தள்ளிவிட்டவர்கள் யாரும் அந்த லாரியின் பின்னால் இருந்த சம்பளக் கணக்கைப் பார்க்கவில்லை.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில்தான். 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எடுத்த ரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊர்ச் சுவர்களிலும் லாரி ஸ்டாண்டிலும் மண்டையோட்டுப் படத்தோடு எச்சரிக்கை எழுதினார்கள். பிறகு தொலைக்காட்சியில் எய்ட்ஸ் பற்றிய புள்ளிராஜா விளம்பரம் வந்தது. டீக்கடையில் உட்காரும் பெரியவர்முதல் தறிப்பட்டறையில் நூல் போடும் பெண்வரை எல்லோருக்கும் அந்த நோயின் பெயர் தெரியும். எப்படி வரும் என்பதையும் பெரும்பாலும் சரியாகவே சொல்வார்கள்.

ஆனாலும் யாரும் பரிசோதனைக்கு வரவில்லை. செத்தவர்களுக்கு வீட்டார் சொன்ன காரணம் டி.பி., மஞ்சக்காமாலை, வண்டிச் சூடு. கூட்டங்களில் அதிகாரிகள் இதற்கு 'அறியாமை' என்று எழுதிக்கொண்டு போனார்கள். 'இன்னும் விழிப்புணர்வு வேண்டும்' என்று அடுத்த மாதமும் அதே துண்டறிக்கைக் கட்டு என் கைக்கு வரும்.

உண்மையான காரணத்தை என்னிடம் சொன்னவள் காலனியில் இருந்த ஒரு இருபத்து மூன்று வயதுப் பெண். அவள் புருஷன் டேங்கரில் போய்க்கொண்டிருந்தான். ஓயாத வயிற்றுப்போக்கு, வாயெல்லாம் வெள்ளைப் படலம், தோளெலும்பு தூக்கி நின்றது. அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம், நானே கூட வருகிறேன் என்றேன். திண்ணையில் புளி உடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமல் கேட்டாள்: "போனாக்க என்னங்க பண்ணுவாங்க? மருந்து இருக்குதுங்களா?"

அப்போது அரசாங்கத்திடம் அதற்கு மருந்து இல்லை. சத்து மாத்திரையும், கூடவே வரும் தொற்றுகளுக்கு மாத்திரையும்தான் இருந்தன. அதைத்தான் சொன்னேன்.

"அதுக்குத்தானுங்க நாங் கேக்கறேன். சாவறவரு எப்படியும் சாவறாரு. பேரு வெளிய வந்துருச்சுன்னா அப்பறம் எம்பட புள்ளைய எவ வூட்டுல தூக்கிக் கொஞ்சுவாங்க? எனக்குப் பண்ணையத்துல எவங்க வேலை குடுப்பாங்க? நீங்களே சொல்லுங்க நர்ஸம்மா."

இதில் அறியாமை எங்கே இருக்கிறது? நோய் தெரிந்தால் கிடைப்பதையும் இழப்பதையும் அவள் எங்களைவிடத் துல்லியமாக எடைபோட்டிருந்தாள். கிடைப்பது ஒன்றுமில்லை. இழப்பதோ கண்ணெதிரே இருந்தது. பக்கத்து ஊரில் ஒருவன் பெயர் வெளியே தெரிந்ததும் முடிவெட்ட மறுத்தார்கள். அவன் பெண்டாட்டிக்கு டீக்கடையில் டம்ளர் கொடுக்க யோசித்தார்கள். காலனிக்காரர்களுக்குத் தனி டம்ளர் என்ற கொடுமை ஏற்கெனவே இருந்த ஊரில் அதற்குள்ளும் இன்னொரு தனி டம்ளர். ஒரு மருத்துவமனையில் ஒருவனுடைய படுக்கையின் தலைமாட்டு அட்டையில் நோயின் பெயரைச் சிவப்பு மையால் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். துடைக்க வந்த ஆள் முதல் பார்க்க வந்த சித்தப்பா வரை எல்லோரும் படித்தார்கள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வலியோடு வந்த பெண்ணை, ரத்தப் பரிசோதனைத் தாள் வந்ததும் வாசலிலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். தோட்டமும் காடும் உள்ள குடும்பம் ஒரு ஏக்கரை விற்றுக் கோயமுத்தூருக்குப் போய் ரகசியமாக வைத்தியம் பார்த்துக்கொள்ளும். அன்றாடக் கூலிக்குப் போகிறவளுக்கு ஒருநாள் ஆஸ்பத்திரி என்றால் ஒருநாள் அடுப்பு எரியாது. ரகசியமும் காசு உள்ளவர்களுக்கே கிடைத்தது.

நான் ஒரு வீட்டுக்குப் போவதே ஆபத்தாக இருந்தது. கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இல்லாத வீட்டில் நர்ஸ் நுழைந்தால் தெருவே வெளியில் வந்து நிற்கும். அதனால் ஒரு வீட்டுக்காக முழுத் தெருவையும் சுற்றுவேன். போலியோ சொட்டு மருந்துக் கணக்கெடுப்பு, வைட்டமின் ஏ திரவம், தண்ணீர்த் தொட்டி, குடும்பக் கட்டுப்பாட்டுப் பட்டியல் என்று ஏதாவது ஒரு காரணத்தோடு இரண்டு பக்கமும் கதவைத் தட்டிக்கொண்டே போய் நடுவில் இருக்கும் அந்த வீட்டில் சற்று அதிக நேரம் நிற்பேன். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தோடு சேர்த்து என்ன மாத்திரை கொடுத்தேன் என்பது எனக்கும் அந்த வீட்டுப் பெண்ணுக்கும் மட்டும் தெரியும். பொதுச் சுகாதாரப் பயிற்சியில் எங்களுக்கு யாரும் சொல்லித்தராத பாடம் இது. இதைச் செய்யாமல் அந்த ஊர்களில் ஒரு உயிரையும் தொட்டிருக்க முடியாது.

2000களின் தொடக்கத்தில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை வந்தது. ஒன்றும் செய்யாவிட்டால், கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தாய்ப்பாலிலுமாகச் சேர்த்து ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு. வலி கண்டவுடன் தாய்க்கு 200 மில்லிகிராம் நெவிரபின் மாத்திரை ஒன்று, பிறந்த 72 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு எடைக்கேற்ப சில சொட்டு மருந்து. அவ்வளவுதான். அதுவே அந்த ஆபத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. முதல் தடவையாக 'வந்தால் என்ன கிடைக்கும்' என்ற கேள்விக்கு என் கையில் ஒரு பதில் இருந்தது.

அதே பரிசோதனை வேறொரு கொடுமையையும் கொண்டுவந்தது. புருஷன் லைனில் இருப்பான். ஆஸ்பத்திரிக்கு வருகிறவள் கர்ப்பிணி. எனவே குடும்பத்தில் முதலில் தெரியவருவது அவள் நிலை. நோயை அவளுக்குக் கொடுத்தவனின் ரத்தம் பரிசோதிக்கப்படுவதற்கு முன்பே, 'இவதான் கொண்டாந்தா' என்ற பழி அவள் தலையில் விழுந்துவிடும். மகனுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தே, 'ஒரு கலியாணத்தைப் பண்ணி வச்சா சரியாயிடும்' என்று பெண்ணெடுத்த குடும்பங்களும் இருந்தன. அந்தப் பெண்களில் பலர் அத்தை மகள், அக்கா மகள். பழி சொன்ன மாமியார் அவளுக்குச் சொந்த அத்தையாக இருப்பாள்.

மாத்திரையைக் கையில் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அது வேறொரு நர்ஸின் எல்லை, வேறொரு ஆஸ்பத்திரி. என் பதிவேட்டில் இருப்பவள் வலி காணும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். அங்கே யாருக்குத் தெரிய வேண்டும், யாருக்குத் தெரியக் கூடாது என்பதை அவளோடு உட்கார்ந்து பேசி முடிவெடுப்போம். ஒருத்தி மாத்திரையைச் சின்னக் காகித உறையில் மடித்து முருகன் படத்தின் பின்பக்க அட்டைக்குள் செருகி, படத்தோடு அம்மா வீட்டுக்குக் கொண்டுபோனாள். 'சாமி படம் இல்லாம எனக்குத் தூக்கம் வராது' என்று சொல்லியிருக்கிறாள். நடு ராத்திரி வலி வந்தபோது விளக்கேற்றுகிறேன் என்று எழுந்து மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். எந்த நேரத்தில் எதற்காக அதை விழுங்க வேண்டும் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

அதன் பிறகுதான் பெரிய காத்திருப்பு. தாயின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள் குழந்தை உடம்பிலும் இருக்கும் என்பதால், சாதாரணப் பரிசோதனையில் உண்மை தெரிய 18 மாதம் ஆகும். குதிகாலில் சில சொட்டு ரத்தம் எடுத்து ஆறாவது வாரத்திலேயே சொல்லிவிடும் பரிசோதனை 2010 வாக்கில்தான் அரசுத் திட்டத்தில் வந்தது. அதுவரை குழந்தை தவழ்ந்து, நின்று, நடந்து, பேச ஆரம்பித்தும் தாய்க்கு விடை கிடைக்காது. ஒவ்வொரு சளிக்கும் காய்ச்சலுக்கும் என் வாசலில் வந்து நிற்பாள். முருகன் படத்துக்காரி மகனுக்கு 18 மாதம் முடிந்ததும் நாமக்கல்லுக்குக் கூட்டிப் போனோம். தொற்று இல்லை என்று தாளில் வந்தது. அவள் அழவில்லை. 'இன்னொருக்கா படிங்க' என்றாள். ஆலோசகர் படித்தார். மறுபடியும் படிக்கச் சொன்னாள்.

புருஷன்மார்களைத்தான் ஆஸ்பத்திரிக்கு வரவைக்க முடியவில்லை. வைத்தியத்துக்குக் கிளம்பியவர்களும் உள்ளூர் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள். தாம்பரத்துக்குப் போவார்கள். டாக்டர் டேவிட் சவுரி முத்து 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம், தொண்ணூறுகளில் தமிழ்நாட்டு எச்.ஐ.வி. நோயாளிகளின் புகலிடமாக மாறியிருந்தது. நாமக்கல்லுக்கு அப்போது ரயில் கிடையாது, 2013இல்தான் வந்தது. பஸ்ஸில் சேலம், அங்கிருந்து ராத்திரி ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டியில் சென்ட்ரல், பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயிலேறி தாம்பரம் சானடோரியம். வயிற்றுப்போக்கோடு கழிப்பறை வாசலில் உட்கார்ந்தபடி அந்தப் பயணத்தைச் செய்தார்கள். வீட்டில் 'லோடு எடுக்கப் போறேன்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அங்கே டி.பி. மாத்திரையும், சித்த மருந்துகளான ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியமும் கொடுத்தார்கள். 'நம்ம ஆளுக பாதிப்பேரு அங்கதான் இருக்காங்க நர்ஸம்மா, யாரும் யாரையும் கேக்கறதில்ல' என்று ஒரு டிரைவர் சொன்னார். இரண்டு மைல் தொலைவில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் அவர் பயணப்பட்டதற்கு அந்தக் கடைசி வார்த்தைகள்தான் காரணம்.

2004 ஏப்ரல் 1ஆம் தேதி மத்திய அரசு எட்டு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் அவற்றில் ஒன்று. 2001இல் சிப்லா நிறுவனத்தின் யூசுப் ஹமீது, ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்ற அந்தக் கூட்டு மருந்தை, ஒரு தொண்டு மருத்துவ அமைப்புக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்திருந்தார். அதற்குப் பிறகும் எங்கள் ஊர்க் கூலிக்காரனுக்கு அது எட்டாத விலைதான். அரசே இலவசமாகக் கொடுத்தபோதுதான் மருந்து எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது.

என் இத்தனை வருஷ வேலையில் அப்படி ஒரு மாற்றத்தை வேறு எப்போதும் பார்த்ததில்லை. தூக்கிக்கொண்டு போனவர்கள் ஆறு மாதத்தில் நடந்து வந்தார்கள். ஒருவர் மறுபடி ஸ்டியரிங் பிடித்தார். அவர் உடம்பு தேறியதை ஊரே பார்த்தது. யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அடுத்த சில வாரங்களில், வேறு எதற்கோ வருவதுபோல மூன்று நான்கு பெண்கள் தனித்தனியாக என்னிடம் வந்தார்கள். வைட்டமின் மாத்திரை கேட்பார்கள், குழந்தைக்கு எடை பார்ப்பார்கள், கிளம்பும்போது வாசற்படியில் நின்று, 'அவரு எங்க போயி மருந்து எடுத்தாருங்க?' என்பார்கள். மண்டையோட்டுச் சுவர் எழுத்து பல வருஷம் செய்யாததை, எழுந்து நடந்த ஒரு மனிதர் செய்தார்.

அந்த மருந்திலும் சங்கடம் இருந்தது. ஆரம்பக் கூட்டு மருந்தில் இருந்த ஸ்டாவுடின் நாளாக ஆகக் கன்னத்துக் கொழுப்பைக் கரைத்து, பாதத்தில் எரிச்சலைக் கொடுத்தது. ஒட்டிய கன்னத்தைப் பார்த்தே ஊர் கணக்குப் போட ஆரம்பித்தது. மாத்திரை டப்பா குலுங்கும் சத்தம் கேட்காமலிருக்கப் பெண்கள் உள்ளே பஞ்சு அடைத்தார்கள், லேபிளை நனைத்து உரித்தார்கள். இதற்காகவே மாத்திரையை நிறுத்தியவர்களும் இருந்தார்கள். பக்க விளைவு என்று பதிவேட்டில் எழுதுகிறோமே, அதில் அக்கம்பக்கத்துக் கண்ணையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

வரலாமா வேண்டாமா என்று ஊசலாடிக்கொண்டிருந்தவர்களை உள்ளே கூட்டி வந்தவர்கள் நோயோடு வாழ்ந்த பெண்களே. எங்கள் மாவட்டத்துப் பெண்ணான கௌசல்யா 1998இல் சென்னையில் வேறு சில பெண்களோடு சேர்ந்து, எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கென்றே ஒரு அமைப்பைத் தொடங்கியிருந்தார். பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பேசினார். அதைக் கேள்விப்பட்ட பெண்கள் எங்கள் பக்கத்திலும் ஒன்றிரண்டு பேராகச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி, எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில், ஆலோசகரின் மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாள். முடிவைக் கேட்டு உறைந்துபோய் நிற்கும் பெண்ணைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து, "எனக்கும் அதேதான் கண்ணு. ஏழு வருஷமாச்சு. காலைல களை வெட்டிப்போட்டுத்தான் இங்க வர்றேன். மொதல்ல சாப்புட்டியா நீயி?" என்று கேட்பாள். எங்கள் கையில் இருந்த படங்களும் அட்டவணைகளும் ஒரு மணி நேரத்தில் சொல்ல முடியாததை அவள் அந்த இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவாள். அந்த வேலைக்கு அவளுக்குக் கிடைத்த தொகை பஸ் காசுக்கு மேல் அதிகமில்லை என்பது இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

பிறகு நாமக்கல்லிலேயே ஏ.ஆர்.டி. மையம் வந்தது. மருந்து தொடங்கும் வரம்பு தளர்ந்துகொண்டே வந்து, 2017 முதல் நோய் உறுதியான எல்லோருக்கும் மருந்து என்றானது. 2014 முதல் தொற்று உள்ள கர்ப்பிணிகள் எல்லோருக்கும் வாழ்நாள் முழுக்கக் கூட்டு மருந்து; ஒழுங்காக எடுத்தால் குழந்தைக்குத் தொற்றும் ஆபத்து 5 சதவீதத்துக்கும் கீழே. 2018 செப்டம்பர் 10 முதல் எச்.ஐ.வி. சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒப்புதல் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, நிலையை வெளியே சொல்லக் கூடாது, சிகிச்சையோ வேலையோ வாடகை வீடோ மறுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. முருகன் படத்துக்காரியும் அந்தச் சிவப்பு மை அட்டைக்காரனும் தவித்த காலத்தில் இந்தச் சட்டம் இருந்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை. அவள் இருக்கிறாள். அவன் இல்லை.

இந்த அனுபவத்தை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வயது கடந்த பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை உண்டு. அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, சந்தேகப்படும்படி ஏதாவது இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு அந்தப் புற்றுநோய் வரும் ஆபத்து ஆறு மடங்கு. இருந்தும் பெண்கள் வரத் தயங்குகிறார்கள். கூட்டங்களில் மறுபடி 'அறியாமை' என்று எழுதிக்கொள்கிறார்கள், மறுபடி துண்டறிக்கை அச்சாகிறது. தறிப்பட்டறைப் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள், அவளுக்கு அந்தப் புற்றுநோயின் பெயர் தெரியும். பரிசோதிக்கும் அறைக்குத் தாழ்ப்பாள் உண்டா, வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கு உள்ளே பேசுவது கேட்குமா, ஏதாவது இருந்தால் எந்த ஊருக்குப் போகச் சொல்வார்கள், போகிற நாளின் கூலியை யார் தருவார்கள் என்பதுதான் அவளுக்குத் தெரியாது. இவற்றுக்கு விடை சொல்லாமல் அவளை வா என்று அழைக்க நமக்கு உரிமையில்லை. புதிதாக வேலைக்கு வரும் செவிலியர்களிடம் நான் சொல்வது ஒன்றே: ஒருத்தி வரவில்லை என்றால் அவளுக்கு என்ன தெரியாது என்று தேடாதீர்கள், வந்தால் அவள் என்னென்ன இழப்பாள் என்று அவளிடமே கேட்டு எழுதி வாருங்கள், அந்தப் பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாக நீக்குவதுதான் நம் வேலை.